முகத்துவாரத்தில் உன் நைனாவின் இடம்

கண்ணு,

பொன்னேரி மார்க்கெட்டில் இன்றைக்குக் கூடை சீக்கிரமே காலியாகிவிட்டது. வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்தேன். எழுந்து உலை வைக்கக்கூட மனசு வரவில்லை. சரி, உனக்கு எழுத வேண்டியதை எழுதத் தொடங்கிவிடலாம் என்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பேனா வாங்கி வந்தேன். நாலாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணலாகத்தான் வரும், பொறுத்துக்கொண்டு படி. ஒரே நாளில் முடிக்கவும் என்னால் ஆகாது. கை வலித்தால் வைத்துவிட்டு மறுநாள் எழுதுவேன். அதனால் ஓரிடத்தில் சொன்னதை இன்னோரிடத்தில் திரும்பச் சொன்னால் அம்மாவுக்குப் புத்தி தடுமாறுகிறது என்று நினைத்துவிடாதே. களைப்பு, அவ்வளவுதான்.

தீபாவளிக்கு வந்தாய். சாப்பிட்ட இலையை நான் எடுப்பதற்குள் ஒரு பேச்சைப் போட்டாய். தை மாசம் ஊர்க்கூட்டத்தில் சீட்டுக் குலுக்கும்போது நைனாவின் இடத்தை நீ எடுத்துக்கொள்ளப் போவதில்லை என்றாய். அதோடு விட்டாயா? பாடு முறையையே கலைத்துவிட்டு, யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் வலை போடலாம் என்று வைக்கச் சொல்லிப் பேசப் போகிறேன் என்றும், ஊர்ப் பையன்களில் பாதிப் பேர் உன் பக்கம் என்றும் சொன்னாய். அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல விஷயம் இல்லாமல் இல்லை. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன், அழுதுவிட்டால் நான் சொல்வது எதுவும் உன் காதில் ஏறாது, புருஷனைப் பறிகொடுத்தவள் புலம்புகிறாள் என்று தட்டிக்கொடுத்துவிட்டு வண்டி ஏறிவிடுவாய். அதனால் எழுதுகிறேன். இதை நீ மட்டும் படிக்க வேண்டும் என்பதில்லை. உன்னோடு கும்மிடிப்பூண்டி அறையில் இருக்கிற அந்தோணிக்கும் படித்துக் காட்டு. கூட்டத்துக்கு உன்னோடு வரப்போகிற பையன்களுக்கும் காட்டு.

அந்தோணிக்கு ஏரித் தண்ணீர் தெரியும், பாடு தெரியாது. அவனுக்காகச் சொல்கிறேன். பழவேற்காடு ஏரியில் எல்லா இடமும் ஒரே மாதிரி இல்லை. கடலும் ஏரியும் சேருகிற முகத்துவாரத்தில், தண்ணீர் வடியும்போது இறால் கூட்டமாக வெளியே போகும். அங்கே மூங்கில் கழி நட்டு வலை கட்டினவன் அன்றைக்கு ராஜா. ஏரியின் உள்ளே சேற்றுப் பக்கம் கட்டினவனுக்குக் குழம்புக்கு ஆனால் சரி. அதனால் எல்லாரும் முகத்துவாரத்துக்குத்தான் போவார்கள், போனால் வெட்டுக்குத்துதான். அதைத் தடுக்க, எந்தக் காலத்திலோ யாரோ ஒரு முறை வைத்தார்கள். வருஷத்துக்கு ஒரு தரம் கோயில் எதிரில் சீட்டுக் குலுக்கி, எந்த வீடு எந்த வரிசையில் என்று முடிவாகும். இன்றைக்கு நல்ல இடம் உனக்கு, நாளைக்கு எனக்கு, மறுநாள் இன்னொருத்தனுக்கு. இப்படிச் சுற்றி வரும். பணக்காரன், ஏழை, வாயாடி, ஊமை எல்லாருக்கும் ஒரு முறை. இதுதான் பாடு. இதை எழுதி வைத்தவர்கள் இல்லை. போலீஸ் வந்து காவல் நின்றதும் இல்லை.

இதில் ஒரு பழக்கம் உனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஒரு வீட்டுத் தலைவன் செத்துவிட்டால், அடுத்த சீட்டுக் குலுக்கல் வரை அவன் முறை வருகிற நாளில் அவன் இடம் காலியாகக் கிடக்கும். இரண்டு பக்கமும் வலை கட்டியிருப்பார்கள், நடுவில் அவன் இடத்தில் கழிகூட நட மாட்டார்கள். உன் நைனா போனபிறகு முதல் தரம் அவர் முறை வந்த அன்று, நான் கூடையை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன், மீன் வாங்க. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எல்லா வலைக்கும் நடுவில் அந்த இடம் மட்டும் வெறும் தண்ணீராகக் கிடந்தது. கரையில் இருந்தவர்கள் எனக்கு மீனை நிறையவே அள்ளிப் போட்டார்கள். சாவு வீட்டில் ஆயிரம் பேர் வந்து அழுதுவிட்டுப் போனபோது ஆறாத மனசு எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் ஆறியது. அவர் போய்விட்டார் என்று ஊரே சேர்ந்து தண்ணீரில் ஒத்துக்கொண்டதுபோல இருந்தது.

நான் இதை உனக்குச் சொன்னபோது உனக்குக் கோபம் வந்தது. "செத்தவருக்கு எறா எதுக்கும்மா? உசுரோட இருக்கற உனுக்கு வயிறு இல்லியா? முட்டாத்தனம்," என்றாய். நீ எனக்காகத்தான் கோபப்பட்டாய், அது எனக்குத் தெரியும். ஏன் அப்படிக் காலியாக விடுகிறார்கள் என்று நீ கேட்டதற்கு எனக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை. தண்ணீருக்கும் ஓய்வு வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். செத்தவன் வீட்டில் பங்காளிகள் உடனே நுழைந்து இடத்தைப் பிடுங்காமல் இருக்க என்று சிலர் சொல்கிறார்கள். எனக்குத் தெரியாது. ஆனால் கண்ணு, எனக்குக் காரணம் தெரியாது என்பதும், காரணமே கிடையாது என்பதும் ஒன்றா? இதைத்தான் நான் உன்னிடம் கேட்க வேண்டும் என்று இருந்தேன்.

நீ பொன்னேரியில் காலேஜ் படித்த வருஷம் ஒரு மத்தியானம் உனக்கு நினைவிருக்கிறதா? பரீட்சைக்குச் சரித்திரப் பாடத்தைச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாய். உன் நைனா வாசலில் உட்கார்ந்து கிழிந்த வலையைக் கோத்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே மீன் கழுவிக்கொண்டிருந்தேன். வெள்ளைக்கார தேசம் ஒன்றில் ஜனங்கள் ராஜாவைப் பிடித்து இறக்கி, பழசு எல்லாவற்றையும் ஒரேயடியாக எடுத்துவிட்டு, நாட்டை முதலிலிருந்து புதுசாகக் கட்டப்போகிறோம் என்று கிளம்பினார்கள் என்றும், ரொட்டிக்கு வழியில்லாத பெண்கள் கூட்டமாக ராஜாவின் அரண்மனைக்கே நடந்து போனார்கள் என்றும் படித்தாய். பக்கத்து தேசத்தில் ஒருத்தர் இருந்துகொண்டு, இது நல்லதில் முடியாது, கடைசியில் ஒரு பட்டாளத்துக்காரன் கையில் போய் நிற்கும் என்று முன்னாலேயே எழுதினாராம். நைனா கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"நின்னுதா?"

"நின்னுது நைனா."

"அப்ப ஆளு சும்மா இல்ல."

"அவரு ஜமீன்தாருங்ககூட ஒக்காந்து சாப்ட்டவரு நைனா. இருக்கறது அப்டியே இருந்தா அவருக்கு இன்னா நஷ்டம்?"

"சாப்ட்டா சாப்ட்டுக்கினு போறாரு. சொன்னது சரியா தப்பா, அத்த சொல்லு."

பிறகு நீ அந்த மனுஷர் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாய். ஒருத்தன் தலையில் இருக்கிற புத்தி கொஞ்சம்தான், பல தலைமுறை வாழ்ந்து பார்த்துப் பழகி வந்ததில் சேர்ந்திருக்கிற புத்தி அதைவிட அதிகம் என்றாராம். காகிதத்தில் நேராகத் தெரிகிற திட்டம் மனுஷர்கள் நடுவில் வந்தால் கோணிப்போகும் என்றாராம். நாடு என்பது இன்றைக்கு உயிரோடு இருக்கிறவர்கள் மட்டும் சேர்ந்து போட்ட கணக்கு இல்லை, செத்தவர்களுக்கும் இனிமேல் பிறக்கப் போகிறவர்களுக்கும் அதில் கூட்டு உண்டு என்றாராம். மனுஷனுக்கு முதலில் தன் வீடு, தன் தெரு, தன் கூட்டத்தின் மேல்தான் பற்று வரும், அதிலிருந்துதான் ஊர்மேலும் தேசத்தின்மேலும் பற்று வளரும் என்றாராம். மாற்றவே கூடாது என்று அவர் சொல்லவில்லை, தன்னைத் திருத்திக்கொள்ளத் தெரியாத ராஜ்யம் தங்காது என்றும் சொல்லியிருக்கிறார் என்று நீயே சொன்னாய். உன் நைனா வலையை மடியில் போட்டுக்கொண்டு கேட்டார். அப்புறம், "நம்ம பாடு அவருக்கு எப்டிடா தெரிஞ்சிது? வந்து பாத்துட்டுப் போயிருப்பாரோ?" என்றார். நீ சிரித்த சிரிப்பில் புத்தகமே கீழே விழுந்தது.

நான் உள்ளேயிருந்து, அரண்மனைக்கு நடந்து போன அந்தப் பெண்களைப் பற்றி அந்த எழுதினவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "அவரு ராணிக்காக அழுதாரும்மா," என்றாய். ராணிக்கு அழுதார் சரி, ரொட்டி இல்லாதவளுக்கு யார் அழுதது என்றேன். "அவர எதுத்து எழுதினவங்களும் அத்தத்தான் கேட்டாங்க," என்று சொல்லிவிட்டு நைனாவைப் பார்த்துக் கண் சிமிட்டினாய். "உங்கம்மா பரிச்ச எழுதினா பாஸாயிடுவா," என்றார் அவர். அந்த மத்தியானம்தான் எனக்கு அடிக்கடி ஞாபகத்துக்கு வருகிறது. சண்டை போட்டுக்கொண்டே சந்தோஷமாக இருந்தோம்.

அந்தப் புத்தகத்து மனுஷர் செத்தபிறகு அவர் பேச்சு பல பேர் கைக்குப் போனதையும் நீ சொன்னாய். நிலம் வைத்திருந்தவர்கள், கூலிக்காரன் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்பதற்கு அதை எடுத்துக்கொண்டார்கள். இங்கே வந்த துரைகளில் சிலரும் இந்த ஜனங்களின் பழக்கத்தில் கை வைக்க வேண்டாம் என்றார்கள், அதனால் சில நல்லது பிழைத்தது, ஊரை விட்டு ஒதுக்குகிற கெட்டதும் அப்படியே பிழைத்துக்கொண்டது. ஆனால் அதே மனுஷர்தான், கம்பெனிக்காரத் துரை ஒருத்தன் நம் தேசத்து ஜனங்களையும் அவர்கள் முறைகளையும் மிதித்துச் சுரண்டினான் என்று பெரிய மன்றத்தில் வருஷக்கணக்காக நின்று வாதாடினாராம். வழக்கு தோற்றுப்போனதாம். "தோத்தாலும் பேசினாரு பாத்தியா," என்றார் உன் நைனா. எனக்கு அப்போது தோன்றியதை இப்போது சொல்கிறேன். அந்தப் பேச்சு நல்லதா கெட்டதா என்பது அதை யார் யாருக்கு எதிராகச் சொல்கிறார்கள் என்பதில் இருக்கிறது. பலசாலி வந்து மிதிக்கும்போது, எங்கள் முறையில் கை வைக்காதே என்று சொன்னால் அது நியாயம். பலசாலியே அதைச் சொல்லித் தன் கதவைச் சாத்திக்கொண்டால் அது வேறு.

உன் மாமனுக்கு நடந்ததை நீ சின்ன வயசில் பார்த்தாய், ஆனால் உனக்கு முழுசாகத் தெரியாது. என் பிறந்த ஊர் ஏரிக்கு வடக்கே, ஆந்திரா பக்கம். அங்கேயும் பாடு இருந்தது. ஆனால் அங்கே பெரியவர்கள் சீட்டில் திருட்டு செய்தார்கள். இறால் நிறைய வருகிற நாட்களெல்லாம் அவர்கள் வீடுகளுக்கே விழுந்தது. என் அண்ணன் அதைக் கண்டுபிடித்தான். அவன் கோபத்தில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் திருடினவர்களை மாற்றுவதோடு நிற்காமல், திருட்டுக்கு இடம் கொடுத்த முறையே வேண்டாம் என்று பையன்களைச் சேர்த்துக்கொண்டு ஒரே கூட்டத்தில் கலைத்துவிட்டான். அன்றைக்கு அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். நானும் அங்கே இருந்தேன். நானும் சந்தோஷப்பட்டேன்.

முதல் வருஷம் நன்றாகத்தான் இருந்தது. எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் விட்டுக்கொடுத்தார்கள். பழைய முறையின் பழக்கம் உடம்பில் மிச்சம் இருந்தது, அவ்வளவுதான். அதற்கப்புறம் நைலான் வலை வந்தது. இறால் வாங்குகிற வியாபாரி தனக்கு வேண்டிய நாலு பேருக்கு அந்த வலையை வாங்கிக் கொடுத்தான். அவர்கள் முகத்துவாரத்தில் குறுக்கே கட்டிவிட்டு எடுக்கவே இல்லை. யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் என்பதுதானே சட்டம், யாரைப் போய்க் கேட்பது? அடிதடி, மண்டை உடைந்தது, போலீஸ் வந்தது. முறை வைத்துத் திருடின பெரியவர்களிடமாவது வருஷத்தில் சில நல்ல நாள் ஏழைக்கும் கிடைத்தது. இப்போது அதுவும் போனது.

அப்புறம் பழைய பாடு முறையைத் திரும்பக் கொண்டுவரலாம் என்று உன் மாமனே வீடு வீடாகப் போனான். யாரும் வரவில்லை. என் முறையை நான் விட்டுக்கொடுத்தால் அவன் அவன் முறையை விடுவான் என்று என்ன நிச்சயம் என்று எல்லாரும் கேட்டார்கள். அவன் நம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது. "மொற ஒண்ணு இன்னிக்கே வச்சிடலாம் தங்கச்சி. அத்த நம்பறதுக்கு ஜனம் எங்கருந்து கொண்டாருவேன்? டப்பு குட்த்தா கிடைக்கிற பொருளா அது?" இப்போது அவன் ஒரு கம்பெனி கேட்டில் வாட்ச்மேன். உன் கம்பெனிக்குப் போகிற வழியில்தான். நீ சல்யூட் அடித்துக் கேலி செய்வாயே, அவனை ஒரு நாள் உட்கார வைத்துக் கேள்.

இதைப் படித்துவிட்டு, அம்மா பழசைத் தூக்கிப் பிடிக்கிறாள் என்று நினைப்பாய். அப்படியில்லை. பாடு முறையில் இருக்கிற ஓட்டை உன்னைவிட எனக்கு நன்றாகத் தெரியும், இப்போது நான் அந்த ஓட்டையில்தான் நிற்கிறேன். தேசம்மாக்காவை நினைத்துப் பார். புருஷன் செத்த வருஷம் முழுக்க அவள் வீட்டு இடமும் காலியாகத்தான் விடப்பட்டது, மரியாதையாகத்தான். அடுத்த குலுக்கலில் அவளுக்கு மகன் இல்லை என்று அந்த வீட்டையே வரிசையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவள் கூடை தூக்கினாள். செத்தவனுக்கு ஒரு வருஷம் இடம் விடத் தெரிந்த ஊருக்கு, உயிரோடு இருக்கிறவளுக்கு இடம் விடத் தெரியவில்லை. நான் உன் நைனாவிடம் சண்டை போட்டேன். கூட்டத்தில் எழுந்து கேளுங்கள், அவளுக்காக அவள் தம்பி வலை கட்டட்டும், முறை அவள் பேரில் இருக்கட்டும் என்றேன்.

"ஒண்ணுத்த மாத்தினா எல்லாத்தையும் மாத்தச் சொல்லுவானுங்க. உங்கண்ணன் ஊரு மாதிரி ஆயிடும்," என்றார்.

"பயந்துகினு கெடக்கறதுக்குப் பேரு மொறயா?" என்று கேட்டுவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவர் பயந்தது வீண் பயமில்லை. ஆனாலும் அவர் செய்தது தப்பு. திருத்தத் தெரியாத ராஜ்யம் தங்காது என்று நீ படித்ததைக் கேட்டுத் தலையாட்டினவர், தன் ஊர் என்று வந்ததும் மறந்துவிட்டார். உடம்புக்கு முடியாமல் படுத்திருந்தபோது ஒரு நாள் அவராகவே, "தேசம்மா விஷயம் வர்ற தை மாசம் கேட்டுடணும்," என்றார். அந்தத் தை மாசத்துக்கு அவர் இல்லை. கேட்காமல் போன அந்தக் கேள்விதான் அவர் விட்டுவிட்டுப் போனது. அதை நீ எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்திருந்தேன். நீயோ கோடாலியோடு வருகிறேன் என்கிறாய்.

அந்தோணிக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவன் அம்மா ஏரி ஓரத்தில் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து கையால் தடவி இறால் பிடித்து ஓலைப்பையில் போட்டுக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் தெருவுக்கு எந்தக் காலத்திலும் பாடு கிடையாது. அன்றைக்கு வயலில் கூலி வேலை செய்தார்கள், இன்றைக்குப் பையன்கள் கம்பெனிக்குப் போகிறார்கள், தண்ணீரில் மட்டும் அவர்களுக்கு வரிசை இல்லை. நீ எல்லாவற்றையும் கலைக்க வேண்டும் என்பதற்குப் பெரிய காரணமாகச் சொன்னது இதுதான். இதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை. இருப்பதுபோல நடிக்கவும் மாட்டேன். பொறுமையாக இரு, ஒவ்வொன்றாக வரும் என்று நான் சொன்னால், உங்களுக்கென்ன, உங்களுக்கு வரிசை இருக்கிறது என்று அந்தோணி கேட்கலாம். கேட்டால் நியாயம். நான் சொல்வது ஒன்றுதான். எல்லாருக்கும் திறந்துவிட்ட தண்ணீரில் அவன் அம்மா முகத்துவாரத்துக்கு வந்து நிற்க முடியாது. வியாபாரியின் நைலான் வலைதான் நிற்கும். அவளுக்கு வேண்டியது வரிசை இல்லாத ஏரி இல்லை, வரிசையில் ஒரு இடம். இடம் கொடுக்க வேண்டுமென்றால் முதலில் வரிசை என்று ஒன்று இருக்க வேண்டும்.

நீ பாடு முறையை ஏதோ எங்கள் மூடத்தனம் என்று நினைக்கிறாய். ஆனி மாசம் நீ வந்தபோது உன் கம்பெனிக் கதை ஒன்று சொன்னாயே, அதை நான் மறக்கவில்லை. ஷிப்ட் முடிந்து சங்கு ஊதுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே இயந்திரத்தை விட்டுவிட்டுப் போய்க் கை கழுவிக்கொள்வது உங்கள் பழக்கம். மெட்ராசிலிருந்து வந்த புது ஆபீசர், காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்து, இந்த நேரமெல்லாம் தண்டம், இனிமேல் சங்கு ஊதினபிறகுதான் கழுவ வேண்டும் என்றார். எல்லாரும் ஒரே நேரத்தில் குழாய்க்கு ஓடினார்கள், சண்டை வந்தது, எண்ணெய்க் கையோடு அடுத்த ஷிப்டுக்காரன்மேல் இடித்தார்கள், ஒருத்தன் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டான். நீங்கள் எல்லாரும் வேலையை நிறுத்தினீர்கள். நீ இங்கே உட்கார்ந்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "கம்பெனி தொறந்த நாள்லருந்து இருக்கற வழக்கம்மா. அது ஏன் இருக்குதுன்னு கேக்காம எடுக்கறதுக்கு அவன் யாரு?" என்றாய். அன்றைக்கு நீ பேசியது அப்படியே உன் நைனாவின் பேச்சு. அவர் போய்க் கொஞ்ச மாசம்தான் ஆகியிருந்தது. நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன், நீ கவனிக்கவில்லை. இப்போது உன்னைத்தான் கேட்கிறேன். நம் ஊர்க்கூட்டத்துக்கு வரும்போது நீ தொழிலாளியாக வருகிறாயா, அந்த ஆபீசராக வருகிறாயா?

உங்கள் சங்கத்தில் கடைசியாகச் சேர்ந்தவனைத்தான் முதலில் வேலையை விட்டு அனுப்பலாம் என்று ஒரு முறை இருக்கிறது என்றாய். யாரை நிறுத்துவது என்பதை மேலே இருக்கிறவன் இஷ்டத்துக்கு விடாமல் வைத்த முறை. அதில் கெட்டிக்காரன் அடிபடுகிறான், சோம்பேறி தப்பிக்கிறான் என்று நீயே குறை சொன்னாய். ஆனால் அதைக் கலைக்கச் சொல்லமாட்டாய். கலைத்தால் என்ன வரும் என்று உனக்குத் தெரியும். கம்பெனியில் தெரிகிறது தண்ணீரில் தெரியவில்லையே என்றுதான் எனக்குக் கவலை. கம்பெனி பூட்டுப் போட்டிருந்த மாசங்களில் நீ இங்கே வந்து சாப்பிட்ட சோறு உன் நைனாவின் முறையில் வந்தது. அதைச் சொல்லிக் காட்டவில்லை. அங்கே கேட்டை மூடினால் வந்து நிற்க உனக்கு இன்னோர் இடம் இருந்தது என்கிறேன். உனக்குப் பிறக்கப்போகிற பிள்ளைக்கு அது வேண்டுமா வேண்டாமா என்று உன்னாலும் இப்போது சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. தெரியாததை நீ ஏன் இன்றைக்கே தீர்த்துவிடுகிறாய்?

எனக்கு இதில் என்ன கிடைக்கும் என்று யாராவது கேட்டால், பெரிதாக ஒன்றுமில்லை. நீ இடத்தை எடுக்காவிட்டால் தை மாசத்தோடு நம் வீடு வரிசையிலிருந்து போய்விடும், நானும் தேசம்மாக்கா மாதிரிதான். கூடை இருக்கிறது, கால் இருக்கிறவரை நடப்பேன். கும்மிடிப்பூண்டியில் வீடு பார்த்து என்னை அழைத்துக்கொண்டு போகிறேன் என்றாய். உன் நல்ல மனசு. ஆனால் அங்கே நான் யாருக்கும் யாரும் இல்லை. இங்கே நான் ஒரு முறையில் இருக்கிறவள். அவர் போனதற்கப்புறம் எனக்கு மிச்சம் இருக்கிறது அது ஒன்றுதான். அதையும் என் பிள்ளையே எழுந்து நின்று எடுத்துவிட்டான் என்றால் தாங்குகிற தெம்பு இப்போது எனக்கு இல்லை. களைத்துப்போயிருக்கிறேன் கண்ணு. எதை எதிர்த்தும் நிற்க வேண்டாம், யாருக்கும் எதையும் விளக்க வேண்டாம், படுத்துக்கொண்டால் போதும் என்று இருக்கிறது. படுத்தாலும் தூக்கம் வருவதில்லை.

நான் கேட்பது இது. தை மாசம் வா. சீட்டில் கை வை. வலை கட்ட உனக்கு நேரமில்லை என்றால் உன் சித்தப்பா மகன் கட்டுவான், ஊர் அதை ஒத்துக்கொள்ளும். வரிசைக்குள் உட்கார்ந்துகொண்டு, அதன்பிறகு எழுந்து பேசு. மகன் இல்லாத வீட்டையும் வரிசையில் வைக்க வேண்டும் என்று இந்த வருஷம் கேள். அடுத்த வருஷம் அந்தோணி வீட்டுத் தெருவைப் பற்றிக் கேள். கத்துவார்கள், முடியாது என்பார்கள், அதற்கடுத்த வருஷமும் கேள். வெளியே நின்று உடைக்கிறவனுக்கு ஒரு நாள் போதும். உள்ளே இருந்து திருத்துகிறவனுக்கு ஆயுசு போதாது, உன் நைனாவுக்குப் போதவில்லை. எது பெரிய வேலை என்று நீயே சொல்.

இவ்வளவும் படித்தபிறகும் கலைப்பதுதான் சரி என்று உனக்குத் தோன்றினால், என்னைப் பார்த்து வாயை மூடிக்கொள்ளாதே. வந்து சொல். கூட்டத்தில் பெண்கள் உட்காருவதில்லை, கோயில் சுவருக்குப் பின்னால் நின்றுதான் கேட்போம் என்பது உனக்குத் தெரியும். இந்தத் தரம் நான் சுவரைச் சுற்றிக்கொண்டு முன்னால் வருவேன். தேசம்மாக்காவும் வருகிறேன் என்றிருக்கிறாள். நீ கலைக்கச் சொல்லிப் பேசி முடித்ததும் நான் எதிர்த்துப் பேசுவேன். வாயடைத்துப் போவார்கள், சிலர் திட்டவும் திட்டுவார்கள். அம்மா ஆயிற்றே என்று நீ உட்கார்ந்துவிடாதே, எனக்குப் பதில் சொல். நான் சொன்னதில் தப்பு இருந்தால் ஊர் நடுவிலேயே காட்டு. அப்புறம் ஊர் எதை முடிவு செய்தாலும் கேட்டுக்கொள்வோம். முடிந்ததும் என்னைத் தனியாக விட்டுவிட்டுப் பையன்களோடு போய்விடாதே. என்கூட நடந்து வீட்டுக்கு வா.

உன் அம்மா